மொட்டையான ஏழாம் நம்பர் மலை

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சோதனைக்காலம். எனக்கு முன்னால் இருந்தவரை, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சீக்கிரமே மூட்டை கட்ட வைத்துவிட்டார் என்று கேள்வி. அதனால் துரையின் நாய் வந்தாலும் எழுந்து நிற்பேன்.

அப்போது துரையின் பங்களாவில் பிரான்ஸ் தேசத்து ஓவியர் ஒருவர் விருந்தாளியாக இருந்தார். மலை, மரம், ஆறு தவிர வேறு எதையும் வரையாதவர். பங்களாப் புல்வெளியில் முக்காலி போட்டு, எதிரே இருந்த ஏழாம் நம்பர் மலையை வரைந்துகொண்டிருந்தார். பனி விலகினால் வரைவார், மூடினால் தேத்தண்ணி குடிப்பார். பாதிப் படத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏழாம் நம்பர் கவ்வாத்து போடு" என்று சொல்லிவிட்டுத் துரை அட்டன் டவுனுக்குப் போய்விட்டார். விடிகாலையில் எல்லாரும் கூடி வேலை வாங்கிக்கொள்ளும் பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பினேன். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. இரண்டே நாளில் பச்சை மலை முக்கால்வாசி வெறும் குச்சியாகி நின்றது.

மறுநாள் பங்களா சமையல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஐயா, காரியம் கெட்டுச்சுங்க! படம் எழுதுற தொர எந்திரிச்சு வந்து, மலையப் பாத்துட்டு அப்படியே நிக்கிறாரு. நம்ம தொரயும் வந்துட்டாரு. ஒங்கள ஒடனே வரச் சொல்றாரு."

பங்களாவுக்கு ஓடினேன். வேலை போனால் வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

துரையின் முகம் சிவந்திருந்தது. "யாரு வெட்டச் சொன்னது?"

நீங்கள்தான் என்று துரையிடம் சொல்ல முடியுமா? "இப்பவே நிப்பாட்டிடுறேங்க, தொர."

"நிப்பாட்டி என்னா? வெட்டின எலையை நீ ஒட்டிக் குடுப்பியா?"

ஓவியர் எங்கள் பேச்சைக் காதில் வாங்காமல் மலைக்கு இறங்கினார். நாங்களும் பின்னால் ஓடினோம். ஒரு செடியின் வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தொழிலாளி கருப்பையாவிடம் கத்தியைக் கேட்டு வாங்கி, ஒரு கிளையைச் சாய்வாக ஒரே வெட்டு.

"அடேங்கப்பா! இந்தத் தொர நம்மாளுங்க!" என்றார் கருப்பையா.

ஓவியர் திக்கித் திக்கி இங்கிலீஷில் சொன்னார்: அவருடைய அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டமாம். குளிர்காலத்தில் கொடிகளை இப்படித்தான் வெட்டுவார்களாம். உலக யுத்தத்துக்குப் பிறகு அவர் ஊர்ப்பக்கமே போகவில்லையாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "அந்தப் பச்சைப் படம் வேண்டாம். இதை வரைகிறேன்" என்றார்.

அன்றே புதுப் படத்துணியில் ஆரம்பித்தார். வெட்டிய கிளைகளை, அதாவது மிலாறை, விறகுக்காகத் தலையில் சுமந்து இறங்கிய பெண்களையும் மலையோடு சேர்த்து வரைந்தார்.

துரை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, போ. போயி வேலையப் பாரு."

அப்பாடா என்று பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் உட்கார்ந்துவிட்டேன். 

அந்தப் படம் பங்களாச் சுவரில் ஏறியது. "இது நம்ம போட்ட கவ்வாத்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் துரை பெருமையடித்தாராம். எனக்கும் வேலை நிரந்தரமானது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: வெட்டச் சொன்னால் வெட்டுங்கள், ஆனால் முதலில் நாலு பக்கமும் பாருங்கள். நான் ஓய்வு பெறும்வரை, கவ்வாத்துக்கு ஆள் அனுப்பும் முன் பங்களாப் புல்வெளியை ஒருதரம் எட்டிப் பார்ப்பேன், முக்காலி ஏதாவது நிற்கிறதா என்று.