வலது கால் மட்டும்

எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பாதம் கழுவ உட்காருகிற பன்னிரண்டு பேரும் ஒரு காலை மட்டும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார்கள். வலது கால். சாமியார் அதில்தான் தண்ணீர் ஊற்றுவார், துடைப்பார், முத்தம் கொடுப்பார். இடது கால் செருப்புக்குள்ளேயோ வேட்டிக்கடியிலேயோ சும்மா இருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கோயில் காரியத்தில் அதிகம் கேள்வி கேட்கிறவள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர். இதையாவது விட்டுவைப்போம் என்று இருந்தேன்.

அந்தப் பன்னிரண்டில் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரையும் எடுத்ததில்லை. புதிதாக வந்த சாமியார் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். எங்கள் வீட்டுக்கும் வந்து, என் வீட்டுக்காரரிடம், "இந்த வருஷம் நீங்க வந்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அருவியில் தண்ணீர் இல்லாத மாதத்திலும் சாக்கடையில் தண்ணீர் உண்டு. அவருக்கு வருஷம் முழுக்க சீசன்தான். வெறும் ரப்பர் செருப்போடு அதில் நின்று நின்று இரண்டு காலிலும் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

சாமியார் கூப்பிட்டதற்குச் சந்தோஷப்படுகிற நிலைமையில் அவர் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் அவரும் கூட வேலை பார்க்கிறவர்களும் தென்காசி கலெக்டர் ஆபீஸில் கையுறையும் பூட்ஸும் கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் இவர். காண்ட்ராக்டருக்கு அது பொறுக்கவில்லை. காண்ட்ராக்டர் வேறு யாருமில்லை, எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். திருவிழாப் பூ அலங்காரம் அவர் செலவு. பாதம் கழுவுகிற வரிசையில் வருஷம் தவறாமல் அவருக்கு இடம் உண்டு.

"ஈஸ்டர் முடிஞ்சி வேலைக்கு வராண்டாம்னு அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு" என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். ஜவுளிக்கடையில் எனக்கு வருகிற சம்பளத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் படிப்பையும் வீட்டு வாடகையையும் எப்படி இழுப்பது என்று காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒத்து வரவில்லை.

"அவரு உக்காந்திருக்க வரிசையில போயி இந்தக் காலை நீட்டணுமாக்கும். நான் போவல" என்றார் வீட்டுக்காரர்.

"போவலன்னா பயந்துட்டாருன்னு சொல்லுவாவ. பேசாம போங்க" என்றேன்.

எனக்கு ஆத்திரம். மே முதல் தேதி சூசையப்பர் திருநாளன்று மண்வெட்டியையும் கூடையையும் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி வருகிறோம். உழைப்பின் மேன்மை பற்றி அன்றைக்கு நீளப் பிரசங்கம் உண்டு. மண்வெட்டிக்குத் தீர்த்தம் தெளிக்கலாம், அதைப் பிடிக்கிறவன் காலுக்கு ஒரு பூட்ஸ் கேட்டால் மட்டும் குற்றமா?

அந்த வாரம் முழுக்க அவருடைய வலது காலுக்கு ராஜவைத்தியம். வெந்நீர், மஞ்சள், வேப்பெண்ணெய். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆயின்ட்மென்ட் சின்னக் குழாய். பிதுக்கிப் பிதுக்கி முழுவதையும் வலது காலுக்கே போட்டேன். வியாழக்கிழமைக்குள் அந்தக் கால் ஆறி, பார்க்கும்படி ஆகிவிட்டது. இடது காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

பூசையில் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டையில் குத்திய மைக்கோடு முதல் ஆள் முன்னால் முழங்காலிட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். வலது காலைக் கழுவித் துடைத்தாயிற்று. சாமியார் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு காலு?" என்றார். வாத்தியார் முழித்தார். இந்தச் சாமியார் முன்பு இருந்த ஊரில் இரண்டு காலையும் கழுவுகிறதுதான் வழக்கமாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, அவரிடமும் யாரும் கேட்கவில்லை. வரிசை நெடுக ஒரு கால் பளபளவென்றும் மறுகால் புழுதியுமாக வெளியே வந்தன. காண்ட்ராக்டர் ஒரு ஷூவைத்தான் கழற்றியிருந்தார். தொந்தியை மடக்கிக் குனிந்து அடுத்த ஷூவின் முடிச்சை அவிழ்க்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து, பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இடது கால்!

காண்ட்ராக்டருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் என் வீட்டுக்காரர். இடது காலை வேட்டிக்குள் இழுத்து வைத்திருந்தார். சாமியார் கையை நீட்டிக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் கால் வெளியே வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த தோல், விரலிடுக்கில் சிவந்த புண். தண்ணீர் பட்டதும் அவர் "ஸ்ஸ்" என்றது கோயில் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது.

"இது எப்படி ஆச்சு?" என்று கேட்டார் சாமியார். மைக் நினைவு அவருக்கும் இல்லை.

"சாக்கடைக்குள்ள நிக்கிற வேல சாமி. பூட்ஸ் கேட்டிருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னார். பக்கத்து நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாமியாரும் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அந்தக் காலைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்து, குனிந்து முத்தம் கொடுத்தார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

பூசை முடிந்து வாசலில், பாட்டுக் குழுவில் பாடுகிற ஒரு அக்கா காண்ட்ராக்டரை நிறுத்தி, "ஏன் அண்ணாச்சி, நம்ம ஆளுவளுக்கு ஒரு பூட்ஸ் வாங்கிக் குடுக்கதுக்கு என்ன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போயிற்று என்று நினைத்தேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடவும் அவர் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் போன். ஸ்பீக்கரில் போட்டார் வீட்டுக்காரர்.

"அண்ணே, ஒங்க கால் சைஸ் என்ன?"

"எதுக்கு?"

"பூட்ஸுக்குத்தான். திங்கக்கெழம வேலைக்கு வரும்போது குடுத்திருவாவ."

நான் ஓடிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். இந்த மனுஷனோ அசையாமல் கேட்கிறார்: "எனக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?" கெடுத்துவிடுவார் போலிருக்கிறதே என்று அவர் முதுகில் கிள்ளினேன்.

"எல்லாத்துக்கும்தான். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுல்லா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக எனக்குப் பசி எடுத்தது. மனு வேலை செய்ததா, மைக்கா, அந்த அக்கா கேட்ட கேள்வியா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையுறை இன்னும் வரவில்லை. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் சைஸ்? அவருக்குத் தெரியவில்லை. ரப்பர் செருப்பைக் கடையில் மாட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? கடையில் துணி அளக்க வைத்திருக்கிற டேப்பைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பழக்க தோஷம், வலது காலை நீட்டினார்.

"அந்தக் காலையும் நீட்டுங்க" என்றேன்.