நடுவில் கூடிய விதைகள்

எர்மெலிண்டாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்; கைப்பக்குவமோ ஊரறிந்தது. பீனோஸ் ஊர்ச் சந்தையில் ஞாயிறுதோறும் மாட்டிறைச்சிக் குழம்பு விற்பவள். அந்தக் குழம்புக்கு உயிரே புளிப்புக் கள்ளிப்பழம்தான். அதை வெளியூரிலிருந்து வரவழைத்துச் சலித்துப்போய், மூன்று வருடத்துக்கு முன் ஒரு லாரிக்காரனிடம் எண்பது கள்ளி மடல் வாங்கித் தன் காணியில் நட்டாள். ஊரே சிரித்தது. அவன் இவள் தலையில் இனிப்புக் கள்ளியைக் கட்டிவிட்டானாம். இனிப்புக் கள்ளிக்கு அங்கே பஞ்சமா என்ன, வேலிக்கு வேலி அதுதான்.

இந்த வருடம் முதல் காய்ப்பு. ஆகஸ்டில் ஊரெல்லாம் பழுத்துச் சிவந்தபோது, அவளுடைய காய்கள் மட்டும் பச்சையாக முறைத்துக்கொண்டு நின்றன. இது ரெண்டுங்கெட்டான் கள்ளி, முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்றான் கணவன் நபோர். இறந்தோர் திருநாள் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். அரைமனதாகத் தலையாட்டினான்.

நவம்பரும் வந்தது, திருநாளும் வந்தது. ஊர்ப்பழங்கள் உதிர்ந்து, அழுகி, ஈ மொய்த்து முடிந்தும் அவளுடையவற்றில் ஒன்றுகூட விழவில்லை. கல்லறைக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பியவளுக்குக் காணியில் அரிவாள் சத்தம் கேட்டது. கெடு முடிந்ததென்று நபோர் இரண்டு வரிசையைச் சாய்த்துவிட்டிருந்தான்.

ஓடினாள். அரிவாளைப் பிடுங்கி, லேசாக ரோஜா நிறம் ஏறிய பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டினாள். இனிப்புப் பழமென்றால் விதை சதையெங்கும் சிதறிக் கிடக்கும். இதிலோ விதைகள் நட்டநடுவில் ஒரே கொத்தாகக் கூடியிருந்தன. சுற்றிலும் விரற்கடைத் தடிமனுக்கு வெறும் சதை. புளிப்புக் கள்ளிக்குத்தான் இந்த வாகு. விதையை வழித்தெறிந்துவிட்டு நீட்டினாள்.

"வாயத் தொற, கிழவா."

கடித்தவனுக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. புளிப்பு காது வரைக்கும் ஏறியது. எர்மெலிண்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவனுக்கோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குனிந்து, வெட்டிப்போட்ட மடல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிழலில் பரப்ப ஆரம்பித்தான். அந்த ஊரில் கள்ளி நடுகிறவன் முதலில் செய்கிற வேலை அது. வெட்டுவாய் காய்ந்தால்தான் மண்ணில் அழுகாமல் வேர்விடும்.

பரப்பப் பரப்ப நிழல் போதவில்லை. அவளும் முந்நூறு வரை எண்ணிப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு வரிசைதான் வெட்டுனேன்," என்றான் மெதுவாக. "இது நம்ம மேலக்காடு பூராவும் நடக் காணும் போலிருக்கே, கிழவி."

"காணும். மொதக் குழிய நீயே வெட்டு."