கதவு திறக்கும் வரை

காவலூர்ப் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் வீடியோ இளவழகன்தான். மற்றவர்கள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். இவன் நாலே நாளில் கையில் கொடுத்துவிடுவான். அந்தப் பெருமை அவனுக்குத் தலைக்கேறியிருந்தது.

வேகத்துக்குக் காரணம் எஸ்எஸ்டி என்ற ஒரு சின்ன, வேகமான டிஸ்க். ஸ்டுடியோவிலிருந்த பெரிய ஹார்டு டிஸ்க் ரொம்ப மந்தம். வாணியம்பாடி மெக்கானிக் அதற்கு முன்னால் இதை மாட்டிவிட்டு, "படம் மொதல்ல இதுல விழும், உடனே முடிஞ்சிச்சுன்னு காட்டும். அப்பறந்தான் மெல்லப் பெருசுக்கு எறங்கும். அதுவரைக்கும் கேமரா கார்டை அழிக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். இளவழகன் காதில் விழுந்தது 'உடனே' மட்டும்தான். மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை. எஸ்எஸ்டி தேய்ந்துவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வந்தபோதும் மூடிவிட்டு வேலையைப் பார்த்தான், மடையன்.

உள்ளூர்ப் பையன் அருளின் கல்யாணத்தன்று சாயந்திரம் மாப்பிள்ளை அருளே போன் செய்தான்.

"அண்ணா, எல்லாம் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுடா. நீ போய்ப் பொண்ணப் பாரு."

அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டை அழித்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு பஸ் பிடித்தான். காலையில் எஸ்எஸ்டி செத்துக் கிடந்தது. பெரிய டிஸ்க்கில் இறங்கியிருந்தது முதல் நாற்பது நிமிடம்தான். படத்தை மீட்க முடியுமா என்று கொண்டுபோனான்; வேலூரிலும் சென்னையிலும் கையை விரித்துவிட்டார்கள். அருளிடம், "எடிட்டிங்ல இருக்குடா" என்று நாளைக் கடத்தினான்.

பதினோராம் நாள் நெல்லிவாசலிலிருந்து இறங்கிய ஜீப் கவிழ்ந்தது. அதில் அருளும் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் அவன் அம்மா ஜெயம்மாள் வந்தாள். கரண்ட் மேல் பழியைப் போடலாம் என்றிருந்தான் இளவழகன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை.

"அத்தை, என் தப்புதான். பாதிக்கு மேல போயிடுச்சு."

"போன்ல போட்டோ நெறய கெடக்குதுப்பா. அவன் பேசறாப்ல ஒண்ணுதான் இல்ல. இருக்கறதப் போடு."

போட்டான். பந்தல், சமையல், மேளம். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார். கார் வந்து நின்றது. முன்பக்கமிருந்து ஜெயம்மாள் பட்டுப்புடவையில் இறங்கி, பின்னால் திரும்பி யாரையோ பார்த்துச் சிரித்தாள். பின் கதவு திறந்தது. படம் அங்கேயே நின்றுவிட்டது.

"அவன் எறங்கவே இல்லியே" என்றாள்.

இளவழகன் படத்தை மூடப் போனான்.

"இன்னொரு வாட்டி போடுப்பா."

அன்று நான்கு முறை போட்டான். ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு திறக்கும்போது அவள் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தாள்.