நஸ்ரினின் ஆய்வேடு ஏன் தாமதமாயிற்று

நஸ்ரினின் ஆய்வேட்டைத் தாமதப்படுத்தியது பல்கலைக்கழகம் அன்று. நான்தான்.

அவள் என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த மாணவி. ஆய்வுச் சுருக்கத்தில் நான் கையொப்பமிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அனுமதி வந்த பிறகே அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். நான் அனுப்பவே இல்லை. அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அவள் போய்விட்டால் எனக்குக் கட்டுரை எழுதித் தர ஆள் இல்லை... அவ்வளவுதான்.

செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்தில் வௌவால்கள் அடைகின்றன அல்லவா? அவை சிங்கவரத்து வயல்களில் என்னென்ன பூச்சிகளைத் தின்கின்றன என்பதுதான் அவள் ஆய்வு. மாலையானால் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அந்த நாற்றத்துக்குள் போவாள். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த, அவள் அத்தா என்றழைக்கும் அப்பா வாசலில் காத்திருந்து வண்டியில் அழைத்துப் போவார். நல்ல ஆய்வு. முழுதாக ஒரே கட்டுரையாக வந்திருக்க வேண்டியது.

அதை நான் துண்டு துண்டாக வெட்டினேன். மழைக்காலத்து வௌவால் ஒரு கட்டுரை, கோடைக்காலத்து வௌவால் இன்னொன்று. எல்லாவற்றிலும் என் பெயர் முதலில். யார் படித்தார்கள்? எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

எங்கள் கல்லூரிக் கூட்டங்களில் முதல்வர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இந்த வருஷம் எத்தன பேப்பர் சார்?" உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. அவரை மேலே உள்ளவர்கள் கேட்டதில்லை. சலித்துப்போகும். வகுப்பெடுக்கவா, விடைத்தாள் திருத்தவா, இந்த எண்ணிக்கையை நிரப்பவா? என் பதவி உயர்வு அந்த எண்ணிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் பாருங்கள், முதல்வரா என்னைப் பொய் சொல்லச் சொன்னார்?

ஒரு நாள் நஸ்ரின் துறை அறைக்கு வந்து நின்றாள். அரசுக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் பணிக்கு விளம்பரம் வந்திருந்தது. பட்டம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும்.

"சார், யுனிவர்சிட்டிக்கு நானே நேர்ல போயி கேட்டுப் பாக்கட்டா?"

அவசரமாகத் தடுத்தேன். "நீ போனா கோச்சிக்குவாங்கம்மா. நான் போன் பண்றேன். அதுக்குள்ள அந்தக் கடைசிக் கட்டுரைய முடிச்சிடு."

"சரிங்க சார். அத்தாகிட்ட இன்னா சொல்றதுன்னுதான் தெரியல."

நான் யாருக்கும் போன் செய்யவில்லை. அவள் கட்டுரையை முடித்துக் கொடுத்தாள். அது அச்சான பிறகே ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பினேன். அனுமதி உடனே வந்தது... எரிச்சலூட்டும் வேகத்தில் வந்தது. அதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்திருந்தது.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கல்லூரியில் சால்வை போர்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அவளும் கைதட்டினாள்.

போன அமாவாசையன்று செஞ்சி பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் சிறப்புப் பேருந்துகளில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒதுங்கி நின்று திண்டிவனம் பேருந்துக்குக் காத்திருந்தாள். அங்கே ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாளாம்.

"காலேஜ் வேல அப்புறம் வரவே இல்லியாம்மா?"

"எங்க சார்... வந்தா அப்ளிகேஷன் போடணும். அந்த யுனிவர்சிட்டிக்காரங்கள நெனச்சாதான் இன்னும் ஆத்திரமா இருக்குது. நீங்க மட்டும் இல்லன்னா நான் பாதியிலயே வுட்டுட்டுப் போயிருப்பேன்."

இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ உந்தியது. பேருந்து இன்னும் வரவில்லை. நேரம் இருந்தது. கேட்கக்கூடிய தூரத்தில் அவள் நின்றாள். பயம்தானா? இல்லை, அவள் கண்ணில் இருந்த மரியாதையை விட மனமில்லையா?

"அவங்க எப்பவுமே அப்படித்தாம்மா" என்றேன்.

பேருந்து வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்ததும் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.