ஏழு முழம் கயிறு

என் கணவரின் நோய் எனக்கு முதலில் தெரிந்தது ஸ்டாப்வாட்ச்சில்தான்.

மதுரையில் மூத்தோர் நீச்சல் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எம்.ரெட்டியபட்டியில் அவருடைய அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் பழகிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நூறு மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். கிணறு நிரம்பிக் கிடந்த மார்கழி அது. குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தோம். பன்னிரண்டரை மீட்டர். எட்டு முறை கடந்தால் நூறு. நான் பள்ளிக்கூடத்து வாட்ச்சோடு படிக்கல்லில் நிற்பேன்.

ஒன்று ஐம்பதில் முடிப்பவர் ஒரே வாரத்தில் இரண்டு பத்துக்கு இழுத்தார். "வயசாகுதுல்ல டீச்சரம்மா" என்று சிரித்தார். சிரிக்கும்போது இடது விலாவைப் பிடித்துக்கொண்டார்.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது). காரணம், காசநோய். மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற சீமையில் என் கணவருக்கு மட்டும் நெஞ்சுக்குள் தண்ணீர் நின்றது. முதுகில் ஊசி குத்தி ஒரு புட்டி நிறைய எடுத்தார்கள். வைக்கோல் நிறம். நான் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"ஒன்பது மாசம் மாத்திரை. நடுவுல நிறுத்துனா கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிரும்மா" என்றார் டாக்டர். நீச்சல் பற்றி என் கணவர் கேட்டதற்கு, "மூணு மாசம் போகட்டும். அப்புறமும் மூச்சு வாங்குனா பிடிச்சுக்கக் கைக்கெட்டுற மாதிரி ஏதாச்சும் இருக்கணும்" என்றார்.

அப்படித்தான் அளந்த கயிறே காவல் கயிறானது. பங்குனியில் மறுபடி இறங்கினார். கயிற்றின் ஒரு முனை எதிரே மோட்டார் குழாயில். மறுமுனையை இந்தப் பக்கம் தண்ணீர் மட்டத்துப் படிக்கல்லில் நான் கட்டுவேன். மூன்று முறை கடப்பதற்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

மாத்திரை அவருக்குக் குமட்டியது. சிறுநீர் செங்கல் நிறத்தில் போனது. "இதத் தின்னு என்னத்தக் கண்டேன்? நாளையிலருந்து வேணாம்" என்று வைகாசியில் ஒரு நாள் டப்பாவைத் தள்ளிவிட்டார். அந்த வாரம்தான், நோய்க்குப் பிறகு முதல்முறையாக, எட்டுத் தடவையும் கடந்தார். இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. கரையேறியதும் தானே மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினார்.

படிக்கல்லில் கயிற்றைக் கட்டிவிட்டு மீதியைப் பூ அளப்பதுபோல் முழம் போட்டுப் பார்த்தேன். ஐந்து முழம் மிஞ்சியது.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் மேலே அகன்று கீழே குறுகுபவை. தண்ணீர் இறங்க இறங்க அகலமும் குறையும். அவருக்கு அது உறைக்கவில்லை. "முன்ன பன்னெண்டு கை போடணும், இப்ப ஒம்பதுலயே செவுரு வந்துருது. கையில பலம் ஏறிருச்சு பாத்தியா?" என்றார். சொல்ல வாயெடுத்தேன். மாத்திரை டப்பா கண்ணில் பட்டது. மூடிக்கொண்டேன்.

ஆனியில் ஏழு முழம் மிஞ்சியது. நேரம் ஒன்று நாற்பத்தொன்று. போட்டிக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடியில் மதுரைக்குப் போனோம். ஐம்பது மீட்டர்க் குளம். நீலத் தண்ணீர் நீண்டு கிடந்தது. என் கை பழக்கத்தில் கயிற்றைத் தேடியது.

போகும் பாதியை நன்றாகவே போனார். திரும்பி வரும்போது நடுவில் தலை மேலே வந்தது. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். பிடிக்க ஒன்றுமில்லை. ஆண்டவரே, எனக்குப் போட்டி வேண்டாம், அவர் சுவரைத் தொட்டால் போதும் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கையாகப் போட்டு வந்து தொட்டார்.

இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. பட்டியலில் பெயர் இல்லை.

"பள்ளிக்கூடத்து வாட்சு தப்போ?" என்றார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே.

"வாட்சு சரிதாங்க. கிணறுதான் சுருங்கிருச்சு. எனக்குத் தெரியும்."

பஸ்ஸில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காரியாபட்டி தாண்டியதும் கேட்டார்.

"கடேசியா எத்தன மொழம் மிஞ்சுச்சு?"

"ஏழு."

பயணச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார்: ஏழு முழம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல், எட்டுத் தடவைக்கு இருபத்தைந்து. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கூட்டல் தப்பாது.

"அப்ப கெணத்துல நான் எழுவத்தஞ்சுதான் நீந்தியிருக்கேன். நூறு மீட்டர முழுசா, இந்தச் சீக்குக்குப் பெறகு, இன்னைக்குத்தான் நீந்துனேன்." சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மாத்திரைய எடு. மத்தியான வேளைய விட்டுட்டேன்" என்றார்.

நான் அழுதேன். பஸ்ஸே பார்த்தது.

புரட்டாசியில் மாத்திரை முடிந்தது. எக்ஸ்ரேயில் இடது ஓரம் ஒரு தழும்போடு தெளிந்திருந்தது. உங்கள் வீட்டு ஆளின் எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, நான் மறைத்தது சரி என்று சொல்லமாட்டேன். மறுபடி அந்த வைகாசி வந்தால் என்ன செய்வேன் என்றும் எனக்குத் தெரியாது.

வாட்ச்சைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்து வருடங்களாகிவிட்டன. இன்றும் அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் என் கட்டைவிரல் தானாக மடங்கி அழுத்தும். கடைசிப் படியில் அவர் மூச்சு விடும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் விரலை எடுப்பேன்.