நாலு கிலோ அரிசி

ஒலக்கூர் பக்கத்து ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் சத்துணவு ஆக்கிக்கொண்டிருப்பவள் இருதயமேரி. எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும் என்பது வரை அவளுக்குத் தெரியும். அவளைப் பற்றி ஊருக்குத் தெரியாதது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் முன்பு அவள் புருஷன் சவரிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காப்பீடு கேட்டார்கள். அவளுடைய ரேஷன் கார்டுக்கு அரசுக் காப்பீடு உண்டு. அதில் அவர் பெயர் இல்லை. பெயர் இருந்தது மகன் தாஸின் கார்டில். அவனுக்குக் கம்பெனிச் சம்பளம், வருமான வரம்பைத் தாண்டியதால் காப்பீடு இல்லை. முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியெல்லாம், "கார்டு எடுத்துக்கினியாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், விக்கிரவாண்டி டோல் அருகே கேட்பதை நிறுத்தினார்.

இ-சேவை மையத்தில் எவனோ பெயரை மாற்றிப் பதிந்துவிட்டான் என்று ஊர் பேசியது. தாஸும் அப்படித்தான் நம்பினான். மாற்றச் சொன்னது இருதயமேரி. மகனுக்குக் கல்யாணமாகித் தனிக் கார்டு போட்டபோது, தன் கார்டில் ஆள் குறைந்தாலும் அரிசி குறையாது, அவன் கார்டில் மூன்று பேராக இருந்தால் கூடுதலாக அரிசி கிடைக்கும் என்று சவரிமுத்து பெயரையும் அதில் தள்ளிவிட்டாள். ஊரில் பாதி வீடுகள் செய்ததுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அரிசி களையும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் சவரிமுத்துவின் அந்தக் கேள்வி இவளுக்கு மட்டும்தான் கேட்டது. திரும்பிப் பார்க்க மாட்டாள். "இரு, வர்றேன்" என்பாள்.

மே தினக் கிராமசபையில் ஊர்ப் பையன் புகழேந்தி ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். கார்டு, வருமானம் எதுவும் பாராமல் எல்லாருக்கும் அரசே வைத்தியம் பார்க்க வேண்டும்.

மல்லாட்டைக் கடலை வியாபாரி தாண்டவராயன் எழுந்தார். "எல்லாருக்கும்னா எனக்குமாடா? எங்கிட்ட கார் இருக்குது."

"உங்களுக்குந்தான் மாமா. நெஞ்சுவலி காரைப் பாத்துக்கினா வருது?"

கூட்டம் சிரித்தது.

"துட்டு யாரு குடுப்பா, உங்கொப்பனா? வரியை ஏத்துனா மொதல்ல கத்துறது நீதான். எந்தக் கட்சி துணியும்?"

"காப்பீட்டுக் கம்பெனிக்குப் போற துட்டை ஆஸ்பத்திரிக்கே போடட்டும் மாமா."

"பத்தாதுடா. கணக்கு போட்டுப் பாரு."

"பத்தாதுதான்." புகழேந்தி தடுமாறினான். "மீதியை வரியாத்தான் கட்டணும். ஆனா சவரிமுத்து பெரியப்பா எப்படிப் போனாரு? எவனோ பேரை மாத்துனதாலதானே? பெரியம்மாவே சொல்லட்டும்."

எல்லாரும் திரும்பினார்கள். ஓரமாகப் பைக்கில் சாய்ந்து தாஸ் நின்றிருந்தான். 'ஆமாம்' என்றால் போதும். மகன் மகனாகவே இருப்பான்.

"எவனும் மாத்தல," என்றாள் இருதயமேரி. "நான்தான் மாத்துனேன். நாலு கிலோ அரிசிக்கு."

"கேட்டுக்கினீங்களா!" தாண்டவராயன் துள்ளினார். "அப்புறம் சர்க்காரு மேல என்னா தப்பு?"

"தப்பு என்னுதுதாங்க. ஒரு பேரு இந்த கார்டுலேருந்து அந்த கார்டுக்குப் போச்சு. அதுக்கு ஆளு சாவணுமா?"

தீர்மானத்துக்குக் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. தாண்டவராயன் கை தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. அந்தக் காகிதம் மேலே போய் என்ன ஆகும் என்பது தூக்கியவர்களுக்கும் தெரியும்.

தாஸ் வண்டியைக் கிளப்பிவிட்டு நின்றான். அவள் ஏறிக்கொண்டாள். அவன் தோளைத் தொடக் கை வரவில்லை; பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் கிடந்தது. பள்ளம் வந்த இடங்களில் தாஸ், மூன்று பேரை ஏற்றியவன் போல வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றினான்.