எதிர்ப்பக்கத்தில் வைத்த பை

சைகோனில் எங்கள் வீட்டுப் பால்கனியில் நின்றால் கீழே நெடுஞ்சாலை முழுதாகத் தெரியும். பலகையில் அதற்கு ஒரு பெயர் எழுதியிருக்கிறது. ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'சா லோ' என்பார்கள். பெருஞ்சாலை என்று அர்த்தம், அவ்வளவுதான். தாவோ தியென் பகுதியில் அந்தச் சாலையின் வடக்கு ஓரத்து அடுக்குமாடியில் நாங்கள் குடியேறிய நாளிலிருந்து அங்கே வேலை நடக்காத ஒரு நாளைக்கூட நான் பார்த்ததில்லை.

வேலை நடப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. தூசியும் சத்தமும் எந்த ஊரில் இல்லை? என் எரிச்சல் எல்லாம் பலகைகள் மேல்தான். பழைய நீலப் பலகையைக் கழற்றாமலே பக்கத்தில் புதிய பச்சைப் பலகையை நட்டுவிடுவார்கள். பாதை இன்னும் திறக்கவில்லை என்பதால் புதியதைக் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பார்கள். ஒரு மழைக்காற்று அடித்தால் அந்தத் தாள் பாதி கிழிந்துவிடும். கிழிசல் வழியாக அம்புக்குறி மட்டும் தெரியும். எந்த ஊருக்கு என்ற எழுத்து தாளுக்குள்ளேயே இருக்கும். பழைய பலகை இடப்பக்கம் போகச் சொல்லும். இடப்பக்கத்தில் தகரத் தடுப்பு நிற்கும். போனில் பார்க்கலாம் என்றால், 'இங்கே திரும்பவும்' என்று அது சொல்கிற இடத்தில் ஒரு கிரேன் நின்றுகொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்திருந்தார். அவருக்குக் காலணிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. சிமெண்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் சாயங்காலம் டீயும் கையுமாகப் பால்கனியில் நின்று, எந்தத் தூண் எந்தத் தூணோடு சேரப்போகிறது, எந்த வளைவு எங்கே இறங்கப்போகிறது என்று, தன் சொந்தக் காசில் கட்டுகிற மாதிரி விளக்குவார்.

"இது முடிஞ்சிடுச்சுன்னா பாரேன், ஏர்போர்ட்டுக்கு இருபதே நிமிஷம்."

"எப்ப முடியும்?"

"முடியும்ல."

இப்படி இருக்கும்போதுதான் சென்னையில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அவனுக்கு இருக்கிற ஒரே அக்கா நான். பெண் பார்த்த அன்றே போன் செய்து, "முடிச்சு நீதான். லீவு கெடைக்கல, டிக்கெட் கெடைக்கலன்னு கதை சொல்லாத" என்று சொல்லிவிட்டான். நான் வேலை பார்க்கும் பள்ளியில் வெள்ளிக்கிழமை வரை விடமாட்டோம் என்றார்கள். அதனால் சனிக்கிழமை மதியம் கிளம்பி, கோலாலம்பூரில் மாறி, இரவுக்குள் சென்னை போய்விடுவதாக ஏற்பாடு. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. வழியனுப்ப மட்டும் வருவதாக இருந்தார்.

டிக்கெட் எடுத்தாயிற்று என்று அம்மாவிடம் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வீட்ட விட்டு எத்தன மணிக்குக் கெளம்புற?"

"பத்து மணிக்கும்மா."

"சனிக்கெழம ஒம்பதுலேருந்து பத்தரை ராகு காலம்."

"சரி, பத்தரைக்கு மேல கெளம்புறேன்."

"அப்ப இங்க ஒம்பது ஆகும். இங்க ராகு காலம் ஆரம்பிச்சுடுமே."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். ராகு காலமும் ஒன்றரை மணி நேரம். இங்கே முடிகிற அதே நிமிடத்தில் அங்கே ஆரம்பிக்கிறது. என் ஒருத்திக்காக ராகு இரண்டு ஷிப்ட் பார்க்கிறார்.

"எந்த ஊர் ராகு காலம்தாம்மா கணக்கு?"

"கெளம்புற ஊரும் கணக்கு, வந்து சேர்ற ஊரும் கணக்கு. கல்யாணத்துக்கு வர்ற, வெளையாட்டா?"

எட்டரைக்கே கிளம்பி ஏர்போர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அது அவள் ஊர் நேரப்படி குளிகையாம். குளிகையில் செய்வது மறுபடி மறுபடி நடக்குமாம். பெண் புருஷனை விட்டுவிட்டுத் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது மறுபடி மறுபடி நடக்கலாமா என்று கேட்டாள். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் அவளே வழியும் சொன்னாள். பரஸ்தானம். பயணத்துக்கு வேண்டிய ஒரு பையை முன்கூட்டியே நல்ல நேரத்தில் எடுத்துக்கொண்டு போய், தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்படி வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை; போகிற வழியில் பையை வாங்கிக்கொண்டால் போதும்.

பேச்சு ஸ்பீக்கரில் இருந்தது. இவர் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"நல்ல ஐடியா அத்தை. நானே கொண்டுபோய் வெச்சுடறேன்."

"சும்மா துண்டும் சோப்பும் வெச்சா ஆகாது மாப்பிள்ளை. அது இல்லாம பயணமே இல்லங்கற மாதிரி ஒரு பொருள் உள்ள இருக்கணும்."

தெரிந்த வீடு என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் பக்கத்தில். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோவிலில் பார்த்துப் பழகிய காரைக்கால் அக்கா ஒருவர் நெடுஞ்சாலைக்கு நேர் எதிர்ப்பக்கத்து அடுக்குமாடியில் இருந்தார். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் அவர் வீட்டுக் கொடியில் காய்கிற துணி தெரியும். எந்தத் திசை என்று அம்மா கேட்டாள். கொஞ்சம் மேற்கு என்றேன். இந்தியாப் பக்கம்தானே, நல்லது என்றாள். எதிர்ச்சாரி அடுக்குமாடியில் இருப்பவரை இந்தியாவுக்குப் பக்கம் என்று சொன்ன ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் என் முகூர்த்தப் புடவையையும் ஒரு துண்டு மஞ்சளையும் வைத்து, பைக்கில் கொண்டுபோய் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய், அதே வழியில் திரும்பி வந்துவிட்டார். அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஆள் வீட்டில். இரவு படுக்கும்போதுதான், புடவையோடு என் பாஸ்போர்ட்டையும் வைத்ததாகச் சொன்னார்.

"பாஸ்போர்ட்டையா?"

"அது இல்லாம பயணம் இல்லல்ல? அத்தை அதானே சொன்னாங்க."

எதிரே இருக்கிற வீடுதானே என்று படுத்துவிட்டேன்.

அந்த ராத்திரியில் கீழே பலகைகளை மாற்றிவிட்டார்கள்.

காலையில் பெட்டியை மூடுகிற அவசரத்தில் நான் பால்கனிப் பக்கமே போகவில்லை. பத்து மணிக்குப் போனில் கூப்பிட்ட கார் வந்தது. பாலத்துக்கு அடியில் புகுந்து, அக்கா வீட்டு வாசலில் பையை வாங்கிக்கொண்டு, அப்படியே ஏர்போர்ட். இதுதான் திட்டம். பாலத்தடிக்குப் போனால் அங்கே சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் தடுப்பை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் இவர் போய் வந்த அதே வழி. பழைய நீலப் பலகை அப்போதும் அந்தத் தடுப்பைப் பார்த்துதான் அம்புக்குறி காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு புதிய வளைவு மேலே ஏறியது. அதன் பச்சைப் பலகையில் கறுப்புத் தாளைப் பாதி உரித்திருந்தார்கள். மீதிப் பாதியை நான் ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் உரித்தார்கள்.

டிரைவர் வேகத்தைக் குறைத்து, எங்கே போவது என்று கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. இவர் முன்னால் குனிந்து, தனக்குத் தெரிந்த வியட்நாமிய மொழியில், மேலே ஏறுங்கள், நேராக, நேராக என்றார்.

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெனமும் பாத்துட்டுத்தான இருக்கேன். இது அந்தப் பக்கம் எறங்கும்."

ஏறியது. அந்தப் பக்கமும் போனது. இறங்கத்தான் இல்லை. அக்கா வீட்டு மாடிக்குச் சமமாக, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் எங்கள் கார் போனது. அக்கா கட்டைப்பையைக் கையில் மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்று கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மேலே போவோம் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்? கார் இன்னொரு வளைவு வளைந்து, ஒரு சுங்கச்சாவடியைத் தாண்டி, லோங் தான் பக்கம் போகிற விரைவுச்சாலையில் போய் விழுந்தது. அதில் திரும்ப முடியாது. அடுத்த இறக்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"சோய் ஓய்" என்றார் டிரைவர். கடவுளே என்பதற்கு இங்கே அதுதான். சனிக்கிழமை என்பதால் கடற்கரைக்குப் போகிற கார்கள் எல்லாம் அந்தச் சாலையில்தான் நின்றிருந்தன.

அக்காவின் போன் வந்தது.

"ஏம்மா, எங்க இருக்கீங்க? நான் கீழ வந்து வாசல்ல நிக்கவா?"

சொன்னேன்.

"அடக் கடவுளே. மெட்ரோ ஸ்டேஷன்ல நடக்கிற பாலம் இருக்குல்ல? நேத்தே சொல்லியிருந்தா காலையில நானே நடந்து கொண்டாந்து குடுத்திருப்பனே."

நடக்கிற பாலம். எங்கள் வீட்டுக்குக் கீழே ஏறினால் அவர் வீட்டுப் பக்கம் இறங்குகிற பாலம். காய்கறிக்கு அதில் போய் வந்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை, தினமும் பால்கனியில் நிற்கிற இவருக்கும் தோன்றவில்லை. வழி தெரியாத இரண்டு பேரும் கார் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, போன வாரம் அந்தத் தூண் வேறு பக்கமாகத்தான் போனது என்று மெதுவாகச் சொன்னார்.

"தயவுசெஞ்சு தூணைப் பத்திப் பேசாதீங்க."

அக்கா அதற்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார். ஒரு பைக் டாக்சியைப் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கே கிளம்பிவிட்டார். நாங்கள் வரிசையில் ஊர்ந்து, ஆற்றைத் தாண்டி இறங்கி, சுற்றி, மறுபடி வரிசையில் ஊர்ந்தோம். நடுவில் அம்மா கூப்பிட்டாள்.

"பையை வாங்கிட்டியா?"

"பை ஏர்போர்ட்டுக்குப் போயிடுச்சும்மா. எந்தத் தடங்கலும் இல்லாம நேரத்துக்குப் போயிடுச்சு."

"நீ?"

பரஸ்தானம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் போனபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. தம்பி கல்யாணம் போனது போனதுதான் என்று அப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது.

இவர் ஓடி ஓடி விசாரித்து, மறுநாள் காலையில் பாங்காக் வழியாகப் போகிற விமானத்தில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் நடந்தே மெட்ரோவுக்குப் போய், ஊருக்குள் இறங்கி, அங்கிருந்து ஏர்போர்ட் போனேன். எந்தப் பலகையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகூர்த்த நேரத்தில் நான் கடலுக்கு மேல் எங்கோ இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மேளச் சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். எரிச்சல்தான் வந்தது. ஒரு பிளாஸ்டிக் தாள். அதை முழுதாக உரித்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

சென்னை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தைக் காலி செய்துவிட்டு எல்லோரும் வந்திருந்தார்கள். ஹாலில் ஜமுக்காளத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி எழுந்து வந்து என் பெட்டியை வாங்கினான். புதுப்பெண் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கழுத்துக்குப் பின்னாலேயே இருந்தது. சுளுக்கு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"காலைலேருந்து இப்படியே புடிச்சிட்டு உக்காந்திருக்கா" என்றாள் அம்மா. "முதல் முடிச்சு இவன் போட்டான். ரெண்டாவது உன் சித்தி மக. மூணாவதுக்குக் கை வெச்சா, நான்தான் வேணாம்னுட்டேன். ஐயருக்கு ஒரே கோவம்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். அவள் கையை எடுத்து, மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் என் விரலில் கொடுத்தாள். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அதற்கு மேலே கடிகாரம் ஐந்து மணி காட்டியது.

"அம்மா, ஞாயித்துக்கெழம நாலரைலேருந்து ஆறு..."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "சைகோன்ல அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. நீ அந்த ஊரு நேரத்துக்குப் போடு."

போட்டேன்.